தண்ணீருக்குக் கூடுதல் இடம் வேண்டும்

பதினோரு மணி நேரம்தான் நிற்குமாம் உன் கப்பல்.
எண்ணெய் நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடும்.
கரையிறங்க அனுமதி இல்லை.
விடியற்காலை ஐந்தரைக்கு மரினா சவுத் படகுத்துறையில்
முட்டையும் கோசும் ஏற்றிப்போகிற படகில்
ஒரு டிஸ்க் போகலாம் என்று ஏஜென்ட் ஒப்புக்கொண்டார்.
ஒன்றுதான். பெட்டியெல்லாம் கூடாது.

பிடோக் சவுத், பதினான்காம் மாடி.
சமையலறைச் சன்னலில் கப்பல் விளக்குகள்.
எது உன்னுடையது என்றால்
"இடப்பக்கமிருந்து எண்ணு" என்கிறாய் போனில்.
இரண்டு முறை எண்ணினேன்,
இரண்டு முறையும் வேறு கப்பல்.

ஆறு மாதமாய் நான் வெட்டி ஒட்டிய படம்
இரண்டு மணி ஐந்து நிமிடம்:
சர்வினின் பிறந்தநாள், பள்ளிப் பரிசளிப்பு,
புது சோபா வந்த நாள், உன் அக்கா வீட்டுத் தீபாவளி,
தோ பாயோ குளத்தில் அவன் நீந்திய ஐம்பது மீட்டர்.
வட்டின் உறையில் நான்கு புள்ளி ஏழு என்று போட்டிருக்கிறது.
கணினி எண்ணினால் நான்கு புள்ளி மூன்று ஏழு.
கடைக்காரன் கிலோவும் வீட்டுக் கிலோவும் என்றைக்கு ஒத்துப்போயின?

முதலில் எல்லாவற்றையும் திணித்தேன்.
முகங்கள் தப்பின. கேக் தப்பியது.
சோபாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை.
குளம்தான் உடைந்தது.
அவன் குதித்ததும் தண்ணீர் முழுக்கச் சதுரம் சதுரமாய்,
குளியலறை ஓடு பெயர்ந்ததுபோல்.
நடுவே ஒரு பழுப்புக் கட்டம்.
அது உன் பையன்.

சுவரை ஒருமுறை சுவர் என்றால் போதும்,
அடுத்த சட்டத்தில் 'அதேதான்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும்.
தண்ணீரை நொடிக்கு இருபத்தைந்து தடவை
முதலிலிருந்து சொல்லியாக வேண்டும்.
வருடத்தில் ஒன்பது மாதம் அதன்மேல் கிடப்பவனுக்கு
நான் என்ன விளக்குவது.

சிம் லிம் நான்காம் மாடியில் கோக் வீ,
நூடுல்ஸிலிருந்து தலை தூக்காமல்:
"பிட்ரேட்டைக் கூட்டு. பாதியை வெட்டு.
மைனஸ் ஆர் வாங்கு, கப்பல் பிளேயர் பழசு, பிளஸ் படிக்காது.
மெதுவா பர்ன் பண்ணு லா. எதுக்கு அவசரம்?"

வெட்டினேன்.
சோபா போனது. தலைமையாசிரியர் உரை போனது.
தீபாவளியில் என் மாம்பழநிறப் பட்டு மட்டும் நான்கு நொடி.
சரி, ஏழு.
ஒலியையும் இளைக்க வைத்தேன்;
கூட்டம் கத்துவது மைலோ டின்னுக்குள் கத்துவதுபோல் இருக்கும்.
அதில் மிக உரக்கக் கத்துவது நான்.

இரண்டு சுற்று போட்டேன்.
முதல் சுற்றில் எதையும் எழுதாது, பார்க்கும்:
எங்கே கொந்தளிப்பு, எங்கே சும்மா இருக்கிறது என்று.
பங்கீடு இரண்டாவதில்தான்.
உன் சம்பளம் வந்த இரவு
நான் கால்குலேட்டரோடு உட்காருவதும் இப்படித்தான்.

பதினாறு மடங்கு வேகத்தில் எரித்த முதல் வட்டு
தொண்ணூற்று மூன்று சதவீதத்தில் செத்தது.
இப்போது அதன்மேல்தான் கோப்பி குவளை நிற்கிறது.
மணி மூன்றே கால். இந்த முறை நான்கு மடங்கு.
பதினைந்து நிமிடம் மேசையைத் தொடவில்லை,
மவுஸை அசைக்கவில்லை,
சர்வின் தூக்கத்தில் இருமியபோது
அவனையும் 'ஷ்' என்றேன்.

வெதுவெதுப்பாக வெளியே வந்தது.
நள்ளிரவுக் கூடுதல் கட்டணத்தோடு டாக்சி.
படகுக்காரர் அதை முட்டை அட்டைகளுக்கு நடுவே செருகினார்.
அங்கேதான் பத்திரமாம்.

எட்டு நாள் கழித்து, ஃபுஜைராவிலிருந்து:
"தண்ணி சுத்தம். ஒரு கட்டம்கூட இல்லை.
மெஸ்ஸில் எல்லாரும் திரும்பத் திரும்பப் போடச் சொல்வது
விசிலுக்கு முன்னால் அவன் மேடையில் நிற்பதைத்தான்,
ஒன்றுமே செய்யாமல், கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு.
அப்படியே என்னை மாதிரி நிற்கிறானாம், குக் சொல்கிறான்.

சோபா வாங்கினதாகச் சொன்னாயே,
படத்தில் காணோமே.
என்ன கலர்?"